முப்பத்து மூன்றும் முப்பத்தைந்தும்

1

சர்வதேச ஆவணங்களைப் பெயர்ச்சொற்களை வைத்தே வாசித்துப் பழகிவிட்டோம். பெண்கள், சமாதானம், பாதுகாப்பு, பங்கேற்பு. கண்ணை நிறைக்கிற சொற்கள். இவற்றை வைத்துக் கருத்தரங்கு நடத்தலாம், பதாகை எழுதலாம், நிதி வாங்கலாம். வினைச்சொற்கள் பக்கம் யாரும் அதிகம் போவதில்லை. தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்கு மிஞ்சிய பழக்கம், ஒரு வாக்கியத்தைக் கண்டால் முதலில் பயனிலையைத் தேடுவது. 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானத்தையும் அப்படித்தான் வாசித்துப் பார்த்தேன்.

போரில் பெண்கள் என்ன ஆகிறார்கள், போரை முடிக்கிற மேசையில் அவர்கள் ஏன் இல்லை என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பாதுகாப்புக் கவுன்சில் ஒரு தீர்மானமாக எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. யாரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை. பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்காக முட்டி மோதி, கவுன்சிலுக்கு நமீபியா தலைமை வகித்த மாதத்தில் காரியத்தைச் சாதித்தன. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனாலும் பிரதி பிரதிதான்.

தீர்மானத்தில் செயற்பத்திகள் 18. நான்கு பத்திகள் ‘வற்புறுத்துகின்றன’. நான்கு ‘கோருகின்றன’. இரண்டு ‘ஊக்குவிக்கின்றன’. இரண்டு ‘கேட்டுக்கொள்கின்றன’. இரண்டு தம் ‘விருப்பத்தைத் தெரிவிக்கின்றன’. ஒன்று ‘அழுத்திச் சொல்கிறது’. ஒன்று தன் ஆயத்தத்தை ‘மீண்டும் உறுதிசெய்கிறது’. ஒன்று ‘அழைக்கிறது’. மிச்சம் 18ஆம் பத்தி. அது மட்டும்தான் ‘முடிவு செய்கிறது’. என்ன முடிவு? இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனத்தில் வைத்திருப்பது என்ற முடிவு. கவுன்சிலின் தீர்மானங்கள் பலவும் முடிகிற வாய்பாட்டு வாக்கியம் அது.

நன்னூல் மரபில் வியங்கோள் வினைக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று பொருள் பிரித்துச் சொல்வார்கள். வடிவம் ஒன்றுதான். ‘வருக’ என்பது விதியா வேண்டுதலா என்பது சொல்கிறவர் யார், கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. 1325 விதித்தலின் தோரணையில் பேசுகிற வேண்டல். சட்டைப் பையில் படையும் தடையும் வைத்திருக்கிற ஓர் அவை, பெண்கள் விஷயம் வந்ததும் வேண்டிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது.

வேண்டலுக்கு ஒரு கஷ்டம் உண்டு. கேட்டது நடந்ததா இல்லையா என்று அதட்டிக் கேட்க முடியாது. ‘எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?’ என்று மெதுவாக விசாரிக்கலாம். கட்டளை இல்லாத இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்வது இப்படித்தான். 16ஆம் பத்தி ஓர் ஆய்வு கேட்கிறது. 17ஆம் பத்தி அறிக்கைகளில் முன்னேற்றத்தைச் சேர்க்கச் சொல்கிறது. 2009-ல் வந்த 1889ஆம் தீர்மானம் குறிகாட்டிகள் வேண்டும் என்றது. 2010-ல் 26 குறிகாட்டிகள் முன்வைக்கப்பட்டன. தடுப்பு, பங்கேற்பு, பாதுகாப்பு, நிவாரணமும் மீட்சியும் என்று நான்கு தூண்கள். நாடுகள் தத்தம் தேசியச் செயல்திட்டங்களை எழுதத் தொடங்கின. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிடம் அப்படி ஒன்று இருக்கிறது. 25 வருஷத்தில் உலகத்துப் போர்கள் குறைந்தனவோ இல்லையோ, போரில் பெண்களைப் பற்றிய அட்டவணைகள் பெருகியிருக்கின்றன.

2

அட்டவணை என்பது கட்டம். கட்டத்துக்குள் என்ன போடுவது என்பதைவிட, கட்டத்தை எங்கே பிரிப்பது என்பதுதான் அரசியல்.

அமெரிக்கப் பெண்ணியலாளர் சிந்தியா என்லோ, 1990 வளைகுடா நெருக்கடியின்போது ‘பெண்களும் குழந்தைகளும்’ என்பதை இடைவெளியே விடாமல் ஒரே சொல்லாக எழுதிக் காட்டினார். போர் பற்றிய செய்திகளில் அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன, ஒட்டின மாத்திரத்தில் பெண் என்பவள் முடிவெடுக்கத் தெரியாத, தூக்கிப் போகவேண்டிய ஜீவனாகிவிடுகிறாள் என்பது அவருடைய வாதம். ஆங்கிலத்தில் அவர் சிரமப்பட்டு ஒட்டவைக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘பெண்டுபிள்ளைகள்’ என்று ஓர் உம்மைத்தொகையை எப்போதோ செய்து வைத்துவிட்டோம். ‘பெண்டுபிள்ளைகளோடு ஊரைக் காலி பண்ணினான்’ என்கிற வாக்கியத்தில் எழுவாய் ஆண். மற்றவர்கள் மூட்டைமுடிச்சு வரிசையில் வருகிறார்கள்.

1325 இந்தத் தொகையை உடைக்கப் பார்த்தது. பெண் பாதுகாக்கப்பட வேண்டியவள் மட்டுமில்லை, பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியவளும்தான் என்றது. சரியான அடி அது. ஆனால் குறிகாட்டியாக மாறும்போது அந்த ஒருத்தி இரண்டு ஆளாகப் பிரிகிறாள். பங்கேற்புத் தூணில் ஒரு பெண்: எழுவாய், படித்தவள், வேட்பாளர், உறுப்பினர், அதிகாரி. பாதுகாப்புத் தூணில் இன்னொரு பெண்: செயப்படுபொருள், பாதிக்கப்பட்டவள், முகாமில் இருப்பவள், புகார் கொடுப்பவள் அல்லது கொடுக்க முடியாதவள். முதலாமவளை எண்ணுவது சுலபம். நாற்காலிகளை எண்ணினால் போதும். இரண்டாமவளை எண்ண முதலில் அவள் வாயைத் திறக்க வேண்டும், திறந்ததை ஒரு பதிவேடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் சந்திக்கிறார்களா? அட்டவணையில் இதற்குக் கட்டம் கிடையாது. என் கேள்வி அதுதான்.

3

நேபாளத்தை எடுத்துக்கொள்கிறேன். பக்கத்து நாடு என்பதால் மட்டுமில்லை. அட்டவணைப்படி பார்த்தால் தெற்காசியாவின் நல்ல மாணவி அது. 1325-க்கான தேசியச் செயல்திட்டத்தைத் தெற்காசியாவில் முதலில், 2011-ல், வெளியிட்ட நாடு.

1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் போர். விரிவான சமாதான ஒப்பந்தம் 2006 நவம்பர் 21-ல். ஒரு பக்கம் கிரிஜா பிரசாத் கொய்ராலா கையெழுத்துப் போட்டார், மறுபக்கம் பிரசண்டா. பேச்சு நடத்திய குழுக்களிலும் பெண்கள் இல்லை. இது நேபாளத்துக்கு மட்டுமான விசேஷமில்லை. 1992 முதல் 2011 வரையிலான 31 பெரிய சமாதான முயற்சிகளை ஐ.நா. பெண்கள் அமைப்பு பார்த்தபோது, பேச்சு நடத்தியவர்களில் பெண்கள் 9 விழுக்காடு, கையெழுத்திட்டவர்களில் 4, தலைமை நடுவர்களில் 2. போரில் மட்டும் இந்த விகிதம் இல்லை. நேபாளத்தில் ஐ.நா. சரிபார்த்து ஏற்ற மாவோயிஸ்டுப் போராளிகள் 19,602 பேரில் 3,846 பேர் பெண்கள். துப்பாக்கி தூக்கும்போது ஐந்தில் ஒருத்தி, பேனா தூக்கும்போது ஒருத்தியும் இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் நேபாளத்தின் பெருமை. 2006 மே மாதமே நாடாளுமன்றம் அரசின் எல்லா அமைப்புகளிலும் பெண்களுக்கு 33 விழுக்காடு என்று தீர்மானம் போட்டிருந்தது. 2008 அரசியல் நிர்ணய சபையின் 601 உறுப்பினர்களில் 197 பேர் பெண்கள். தலித், மாதேசி, தாரு, ஜனஜாதிப் பெண்கள் முதல் தடவையாக அந்த அளவுக்கு உள்ளே வந்தார்கள். இது சின்ன விஷயமில்லை, நமது சட்டமன்றங்களைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். பிறகு 2016-ல் ஒரு கட்டத்தில் குடியரசுத் தலைவர், நாடாளுமன்ற சபாநாயகர், தலைமை நீதிபதி மூன்று பேரும் பெண்கள்: வித்யா தேவி பண்டாரி, ஓன்சரி கர்த்தி மகர், சுசீலா கார்க்கி. பங்கேற்புக் கட்டத்தில் இதைவிட என்ன வேண்டும்?

இப்போது பக்கத்துக் கட்டத்துக்கு வருவோம். அந்தப் பத்து வருஷமும், அதற்குப் பின்னும், நேபாளச் சட்டப்படி பாலியல் வல்லுறவுக்குப் புகார் கொடுக்க இருந்த கால வரம்பு 35 நாள். ராணுவம் சூழ்ந்திருக்கிற மலைக் கிராமத்தில் ஒருத்திக்கு இது நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தவன் சீருடைக்காரன். புகார் வாங்க வேண்டியவனும் சீருடைக்காரன். போலீஸ் சாவடிகள் பல இடங்களில் மாவோயிஸ்டுத் தாக்குதலுக்குப் பயந்து காலியாகிவிட்டன. செய்தவன் மறுபக்கத்து ஆளாக இருந்தால் கிராமத்தில் வாய் திறக்கவே முடியாது. இந்த நிலைமையில் 35 நாளுக்குள் அவள் இறங்கி வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் சட்டத்தைப் பொறுத்தவரை வழக்கு இல்லை.

போர் முடிந்து 2008-ல் வந்த இடைக்கால நிவாரணத் திட்டம் யாருக்கெல்லாம் கொடுத்தது? கொல்லப்பட்டவரின் குடும்பம், காணாமற்போனவரின் குடும்பம், காயம்பட்டவர், இடம்பெயர்ந்தவர், சொத்து இழந்தவர். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் அந்தப் பட்டியலில் இல்லை. சித்திரவதைக்கு ஆளானவரும் இல்லை. விண்ணப்பத்தில் அவளுக்குக் கட்டம் கிடையாது. கட்டம் கிடையாததால் எண்ணிக்கை கிடையாது. எண்ணிக்கை இல்லாததால் கண்காணிப்பு அறிக்கையில் எழுதவும் ஒன்றும் கிடையாது.

கணக்கின் தர்க்கம் இங்கேதான் தலைகீழாகிறது. வெற்றுப் பதிவேடு என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். குற்றம் நடக்கவில்லை, அல்லது குற்றத்தைச் சொல்ல வழியே வைக்கவில்லை. குறிகாட்டி என்கிற குறிப்பானுக்கு இந்த இரண்டு குறிப்பீடுகளும் ஒன்றுதான், இரண்டுக்கும் சைபர்தான் போட முடியும். மறுபக்கம், புகார்கள் கூடினால் நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தமா, பெண்களுக்குத் தைரியம் வந்திருக்கிறது என்று அர்த்தமா? எண் சொல்லாது. 2015-ல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு 60,000-க்கு மேல் புகார்கள் வந்தன. அவற்றில் பாலியல் வன்முறை பற்றியவை 300 சொச்சம். பத்து வருஷப் போரின் கணக்கு இது என்று யாராவது நம்பினால் அவர் அறிக்கை எழுதுகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

33 விழுக்காட்டுச் சபை அந்த 35 நாளை என்ன செய்தது? 2008-ல் சபை கூடியது. 35 நாள் 180 நாளானது 2015-ல். ஒரு வருஷமானது 2018-ல். இதற்கிடையில் ஐ.நா. மனித உரிமைக் குழு 2017-லும் 2019-லும், போர்க்காலத்தில் ராணுவத்தினரால் பாதிக்கப்பட்ட இரண்டு பெண்களின் முறையீடுகளில் நேபாளத்துக்கு எதிராகக் கருத்துச் சொன்னது. அந்தப் பெண்கள் புனைபெயரில்தான் அங்கே போனார்கள். ஒரே ஐ.நா.தான். ஒரு அறையில் நேபாளத்தின் பங்கேற்புக்குப் பாராட்டு, அடுத்த அறையில் நேபாளத்தின் மீது கண்டனம். வல்லுறவையும் கடும் பாலியல் வன்முறையையும் கடும் மீறல்களில் வைக்கிற நிலைமாற்றுக்கால நீதிச் சட்டத் திருத்தம் நிறைவேறியது 2024 ஆகஸ்டில். போர் முடிந்து 18 வருஷம்.

சபைக்கு வந்த பெண்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். 197 பேரில் தொகுதியில் நின்று நேரடியாக ஜெயித்தவர்கள் 30 பேர். 161 பேர் விகிதாசாரப் பட்டியல் வழியாக வந்தவர்கள், மிச்சம் நியமனம். பட்டியல் யார் கையில்? கட்சித் தலைமையின் கையில். தலைமையில் யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அந்தக் கட்சிகளுக்குப் போர்க்குற்றம் பற்றிப் பேச என்ன அவசரம் இருந்திருக்கும்? ராணுவத்தைப் பற்றிப் பேசினால் ஒரு பக்கம் கோபிக்கும், மக்கள் விடுதலைப் படையைப் பற்றிப் பேசினால் மறுபக்கம். நாற்காலி கிடைத்தது. நாற்காலிக்கு அடியில் இருக்கிற தரை யாருடையது என்று குறிகாட்டி கேட்பதில்லை. 2015-ல் வந்த அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கை உறுதி செய்தது. அதே சட்டம், ஒரு நேபாளத் தாய் தன் பிள்ளைக்குக் குடியுரிமை கொடுப்பதில் தந்தைக்குச் சமமான உரிமையைத் தரவில்லை. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.

இரண்டு கட்டத்துக்கும் வெளியே நிற்கிற ஒருத்தியும் இருக்கிறாள்: அந்த 3,846 பேரில் ஒருத்தி. போரில் அவள் எழுவாயாக இருந்தாள், அதனால் பாதிக்கப்பட்டவள் கட்டம் அவளுக்குப் பொருந்தாது. சமாதானத்தில் அவளை யாரும் கூப்பிடவில்லை, அதனால் பங்கேற்பும் இல்லை. முன்னாள் போராளிகளில் கடைசியாக நேபாள ராணுவத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,400 பேர், அதில் பெண்கள் மிகச் சொற்பம். பெரும்பாலோர் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். முகாமிலேயே கல்யாணம், கைக்குழந்தை. ஊருக்குப் போனால் சாதி மாறிக் கல்யாணம் செய்தவள், ஆண்களோடு காட்டில் திரிந்தவள் என்கிற பேச்சு. புரட்சி அவளை ‘பெண்டுபிள்ளை’யிலிருந்து பிரித்து எடுத்தது. சமாதானம் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பவும் அங்கேயே சேர்த்தது.

4

மொனிட்டரிங் என்பதற்கு நாம் போடுகிற தமிழ்ச்சொல் ‘கண்காணிப்பு’. ஃபூக்கோவைத் தமிழில் எழுதுகிறவர்களும் இதே சொல்லைத்தான் சிறைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பயன்படுத்துகிறார்கள். சொல்வறுமை என்று யாராவது குறைபட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த ஒற்றுமையைத் தமிழ் தற்செயலாகவாவது சரியாகப் பிடித்திருக்கிறது. இன்னொரு சொல்லும் இங்கேதான் இருக்கிறது: கண்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம்மூரிலிருந்து ஆள் பிடித்துக்கொண்டு போனவன். காலையில் தலை எண்ணுவான். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு. அவன் எண்ணிக்கை பொய்யில்லை. எத்தனை பேர் மலைக்குப் போனார்கள் என்பது துல்லியமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது? துரையிடம். எண்ணப்பட்டவர்கள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

எண்ணிக்கையின் மீது எனக்குப் பகையில்லை. எண்ணிக்கை யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. பெண்கள் மீதான வன்முறையை அளக்கிற சர்வதேசக் குறிகாட்டிகளைப் பற்றி 2016-ல் ஒரு நூல் எழுதிய மானுடவியலாளர் சாலி எங்கிள் மெரி இதையே வேறு விதத்தில் சொல்கிறார்: எண், உள்ளூரின் சிக்கலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒப்பிடக்கூடிய ஒரு பண்டமாக ஊர் ஊராகப் போகிறது, அதைத் தீர்மானித்தவர்களின் அரசியல் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. காட்மாண்டுவில் ஓர் அமைச்சகம் எழுதுகிறது, நன்கொடை நாடுகள் படிக்கின்றன, நியூயார்க்கில் கோப்பு மூடுகிறது. ரோல்பா மலையில் இருப்பவளுக்கு அதன் பிரதி போவதில்லை. நேபாளத்தின் செயல்திட்டத்தை முன்னின்று நடத்திய சமாதான, புனரமைப்பு அமைச்சகம்கூடப் பின்னால் கலைக்கப்பட்டது. அட்டவணை அதைவிட நீண்ட ஆயுள் உடையது.

பாதுகாப்பு என்ற பெயரில் என்ன வருகிறது என்பதற்கும் நேபாளத்திலிருந்தே ஓர் உதாரணம். ‘விதவா’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘ஏகல் மகிளா’, தனித்த பெண், என்று தங்களை அழைத்துக்கொள்ள அங்கே கைம்பெண்கள் இயக்கமாகச் சேர்ந்து போராடியிருந்தார்கள். 2009 பட்ஜெட்டில் அரசாங்கம் ஓர் அறிவிப்பு செய்தது: விதவையைக் கல்யாணம் செய்துகொள்கிற ஆணுக்கு 50,000 ரூபாய். அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். தாங்கள் விற்பனைக்கு இல்லை என்றார்கள். ஒரு குறிகாட்டியில் இந்த அறிவிப்பு ‘மீட்சி நடவடிக்கை’ என்று ஏறியிருக்கவும் கூடும். அந்தப் போராட்டம் எந்தத் தூணில் ஏறும்?

5

கண்காணிக்கப்படுவது ‘மோதல் பாதித்த நாடுகள்’. அந்தப் பெயரை யார் யாருக்குச் சூட்டுகிறார்கள்?

இந்தியாவுக்கு 1325-க்கான செயல்திட்டம் எதுவும் கிடையாது. ஆனால் இந்தியா அட்டவணையில் இல்லாமலும் இல்லை. 2007-ல் லைபீரியாவுக்கு நூற்றுச் சொச்சம் பெண் போலீசாரைக் கொண்ட முழுப் பெண்கள் பிரிவை அனுப்பியது. ஐ.நா. வரலாற்றில் அதுதான் முதல். 2016 வரை இந்தியப் பெண்கள் மாற்றி மாற்றி அங்கே இருந்தார்கள், நல்ல பெயர் எடுத்தார்கள். அதாவது பிறர் நாட்டு மோதலில் பங்கேற்புக் கட்டத்தை நாம் நிரப்பிக் கொடுத்தோம். வீட்டுக்குள் மோதல் இல்லை, ‘சட்டம் ஒழுங்கு’தான் இருக்கிறது. 2004 ஜூலையில் இம்பாலில் காங்ளா கோட்டை வாசலில், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ் முகாமுக்கு முன்னால், 12 தாய்மார் உடை களைந்து நின்றார்கள். எந்த நாட்டுச் செயல்திட்டத்தின் எந்தக் குறிகாட்டியாலும் அதை எண்ண முடியாது. 2013-ல் நீதிபதி வர்மா குழு, பாலியல் குற்றம் செய்த படையினரைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த வருஷம் வந்த திருத்தச் சட்டம், ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் கேட்கிற முன் அனுமதியைத் தொடவில்லை. நேபாளத்தில் 35 நாள் என்றால் இங்கே ஒரு கையெழுத்து. பூட்டு வேறு, கதவு ஒன்று.

இலங்கை தன் முதல் செயல்திட்டத்தை 2023-ல் வெளியிட்டது. போர் முடிந்து 14 வருஷம் கழித்து. 1325-ன் பதினைந்தாம் ஆண்டில், 2015-ல், உலகளாவிய மதிப்பாய்வை முன்னின்று எழுதியவர் ஒரு இலங்கைத் தமிழ்ப் பெண், ராதிகா குமாரசுவாமி. ராணுவ வழியைவிடப் போர்த் தடுப்புக்கு முதலிடம் கொடுக்கச் சொன்ன அறிக்கை அது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் உட்கார்ந்த காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரைப் பங்கேற்பவர்கள் என்பதா, பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் என்பதா? அவர்கள் கேட்டது இரண்டையும் இல்லை. பதில் கேட்டார்கள். ‘பதில்’ எந்த அட்டவணையிலும் ஒரு கட்டம் கிடையாது.

6

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே எண்ணாதீர்கள் என்று முடிப்பது சுலபம். நமது சிறுபத்திரிகைச் சொல்லாடலில் அப்படி முடிப்பது ஒரு மோஸ்தராகவும் இருந்தது. அதிகாரம் எங்கும் இருக்கிறது, எண் ஒரு வன்முறை, சரி, அடுத்த கட்டுரை. எனக்கு அது சம்மதமில்லை. எண்ணப்படாமல் போன பெண்களின் நிலைமையைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம்? நிவாரணப் பட்டியலில் இடம் இல்லாதவள் எண்ணை வெறுக்கவில்லை. தன்னை எண்ணச் சொல்கிறாள். 35 நாளை உடைத்தவர்களும் எண்ணிக்கையை ஏந்தித்தான் போனார்கள்: என்றைக்கு நடந்தது, எந்த அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனேன், எத்தனை பேர் மனுவை வாங்க மறுத்தார்கள். அந்தக் கணக்கில் எண்ணுகிறவளும் எண்ணப்படுகிறவளும் ஒருத்தியேதான்.

கண்காணிப்பு என்று ஒன்று வேண்டுமானால் அங்கிருந்து தொடங்கட்டும். எத்தனை பெண்கள் சபையில் இருக்கிறார்கள் என்பதோடு, அந்தச் சபை கூடி எத்தனை நாளில் புகாருக்கான கால வரம்பை மாற்றியது என்று கேட்கலாம். நேபாளத்துக்கு அந்த எண் ஏழு வருஷம். எத்தனை புகார் வந்தது என்பதோடு, எத்தனை புகார் வாங்கப்படவில்லை என்று கேட்கலாம். எத்தனை பெண் வேட்பாளர் என்பதோடு, பட்டியலை எழுதிய கை யாருடையது என்று கேட்கலாம். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கிற கோட்டின் மேல் விழுகிற கேள்விகள் இவை. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு இவை தொந்தரவாக இருக்கும், விழுக்காடாக மாற்றுவதும் கஷ்டம்.

2025 செப்டம்பரில் காட்மாண்டுவில் இளைஞர்கள் தெருவுக்கு வந்து ஆட்சி கவிழ்ந்தபோது, இடைக்காலப் பிரதமராகப் பதவி ஏற்றவர் அதே சுசீலா கார்க்கி. நேபாளத்தின் முதல் பெண் பிரதமர். பங்கேற்புக் கட்டத்தில் இன்னொரு டிக் விழுந்திருக்கும். 2002-ல் சிறுமியாக இருந்து, வளர்ந்து, புனைபெயரில் ஜெனீவா வரைக்கும் முறையிடப் போய், நாடு தன்னை நியாயமாக நடத்தவில்லை என்று 2019-ல் கேட்டுக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு அந்த டிக் எந்த விதத்தில் போய்ச் சேர்கிறது என்று அடுத்த அறிக்கையை எழுதுகிறவர்கள் ஒரு பத்தியாவது எழுதட்டும். வினைமுற்றோடு எழுதட்டும்.